பரிசு பற்றிப் பேசினாலே விளம்பரம் வருகிறதே, போன் ஒட்டுக்கேட்கிறதா?

பண்டிகைக்கு வீட்டில் யாருக்கு என்ன வாங்கலாம் என்று பேசியதோடு சரி, எதையும் தேடவில்லை, ஆனாலும் மறுநாள் அதே பொருளின் விளம்பரம் வந்துவிட்டது, போன் ஒட்டுக்கேட்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இது நடந்தது.

மனைவிக்குத் தெரியாமல் ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டேன். எங்களோடு இரண்டு நாள் தங்க வந்திருந்த அக்காவிடம் மட்டும், மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, "எந்த மெஷின் நல்லா இருக்கும்க்கா?" என்று மெதுவாகக் கேட்டேன். என் போன் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. மறுநாள் மனைவி தன் போனை என் முன்னால் நீட்டி, "காலையில இருந்து தையல் மெஷினா வந்துட்டே இருக்கே, ஏங்க?" என்றாள். எனக்குத் திக்கென்றது. அன்றே இரண்டு போனிலும் ஒவ்வொரு ஆப்பாகத் திறந்து மைக் அனுமதியை எடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அக்காவிடம் இதைச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. எனக்கு உதவலாமே என்று அன்றிரவு தூங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் தன் போனில் தையல் மெஷின்களாகப் பார்த்திருக்கிறார். எங்கள் வீட்டு வைஃபையில்.

ஒரே வைஃபையில் இருக்கும் போன்கள் எல்லாம் வெளியே பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியோடுதான், அதாவது இணையத்தில் அந்த இணைப்பை அடையாளம் காட்டும் ஒரே எண்ணோடுதான் தெரியும். அதை வைத்து, ஒருவர் தேடியதை அந்த வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் விளம்பரமாகக் காட்டுவது அந்தத் தொழிலில் வழக்கமான வேலை. என் வீட்டில் நடந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இது போதாதென்று லொகேஷன், காண்டாக்ட் பட்டியல், கடையில் பில் போடும்போது நாம் சொல்லும் போன் நம்பர் என்று வேறு வழிகளும் இருக்கின்றன.

ஒட்டுக்கேட்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு ஆப்களை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். மைக்கில் ரகசியமாகப் பதிவு செய்து அனுப்பிய ஆப் ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஆனால் சில ஆப்கள் திரையில் நாம் செய்வதைப் படம்பிடித்து வேறு கம்பெனிக்கு அனுப்பியது தெரியவந்தது. எனக்கு மைக்கைவிட இதுதான் பெரிய கவலை.

பரிசு ரகசியம் உடைய மைக் தேவையே இல்லை. 2007-ல் ஃபேஸ்புக் 'பீக்கன்' என்று ஒரு வசதியைக் கொண்டுவந்தது. வேறு தளங்களில் நீங்கள் வாங்குவதை அது உங்கள் நண்பர்களுக்குக் காட்டும். கிறிஸ்துமஸ் பரிசாக மனைவிக்கு ஒருவர் ரகசியமாக வாங்கிய வைர மோதிரம், மனைவி உட்பட எல்லாருக்கும் தெரிந்துபோனது. வழக்குப் போட்டார்கள், 2009-ல் பீக்கனை மூடினார்கள். அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அதற்காக மைக் பற்றிய உங்கள் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆப்பிளின் சிரி போல, கூப்பிட்டால் பதில் சொல்லும் குரல் உதவியாளர் மென்பொருள்கள், கூப்பிடாமலே கூப்பிட்டதாக நினைத்து விழித்துக்கொண்டு பேச்சைப் பதிவு செய்வது உண்மை. ஆப்பிள், கூகுள், அமேசான் மூன்றுமே அப்படிப்பட்ட பதிவுகளில் சிலவற்றை ஆட்களை வைத்துக் கேட்டது 2019-ல் வெளியே வந்தது. சிரி பற்றிய வழக்கை முடிக்க ஆப்பிள் 9.5 கோடி டாலர் தரச் சம்மதித்தது, தவறை ஒப்புக்கொள்ளாமலே. குழந்தைக்கு இன்டர்நெட்டில் இணையும் பேசும் பொம்மை வாங்குவதாக இருந்தால் இன்னும் யோசியுங்கள். கெய்லா என்ற பொம்மையை ஜெர்மனி 2017-ல் ஒட்டுக்கேட்கும் கருவி என்றே சொல்லித் தடை செய்தது.

சரி, என்ன செய்யலாம்? தேவையில்லாத ஆப்களின் மைக் அனுமதியை எடுங்கள். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12 முதல், மைக் வேலை செய்தால் திரையின் மேல் ஓரத்தில் ஆரஞ்சு அல்லது பச்சை நிற அடையாளம் தெரியும், அதைக் கவனியுங்கள். பரிசைத் தேடும்போது வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், எந்தக் கணக்கிலும் நுழையாமல் பிரைவேட் டேபில் தேடுங்கள். பிரைவேட் டேப் மட்டும் போதாது, அது ஐபி முகவரியை மறைக்காது.

இந்த முறை அப்பாவுக்கு வாங்கப்போவதை அப்படித்தான் தேடினேன். அக்காவிடமும் முன்பே சொல்லி வைத்துவிட்டேன். இதுவரை அப்பா ஒன்றும் கேட்கவில்லை.