அடுக்குமாடி வீடுகளுக்கு அனுமதி தரும் ஊர்களுக்கு மாசசூசெட்ஸ் அரசு பணம் கொடுக்கிறதாமே, அதனால் பலன் உண்டா?

பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். பார்த்த வரையில் சொல்கிறேன்: பணத்துக்கு ஊர்கள் பெரிதாக மயங்கவில்லை.

2004-இல் வந்த 40ஆர் சட்டப்படி, ரயிலடி அல்லது கடைத்தெருவை ஒட்டி நெருக்கமாகக் கட்ட, எங்கே என்ன கட்டலாம் என்ற தன் விதியை ஊர் மாற்றினால், வரக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப 10,000 முதல் 6 லட்சம் டாலர் வரை கிடைக்கும். பிறகு கூடுதல் வீடு ஒவ்வொன்றுக்கும் 3,000 டாலர். ஆனால் இங்கே பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஊரின் வீட்டு வரியில் ஓடுகிறது. ஒரு பிள்ளைக்கு ஆகும் ஒரு வருடச் செலவே அந்த 3,000-ஐப் போலப் பல மடங்கு. அதை ஈடுகட்ட அடுத்த ஆண்டே 40எஸ் என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். அப்படியும் தயக்கம் போகவில்லை.

2021 ஜனவரியில் அரசு தொனியை மாற்றியது. பாஸ்டன் ரயில், பேருந்துச் சேவையோடு தொடர்புள்ள 177 ஊர்களும் ஏக்கருக்கு 15 வீடு கட்டும்படி ஒரு பகுதியையாவது திறந்துவிட வேண்டும். மறுத்தால் சில மானியங்கள் கிடையாது. ஏக்கருக்கு 15 என்றால் நம் கணக்கில் கிரவுண்டுக்கு ஒரு வீடுகூட இல்லை! இதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

மில்டன் ஊர் 2023 டிசம்பரில் ஒப்புக்கொண்டு, 2024 பிப்ரவரியில் வாக்கெடுப்பு வைத்து ரத்து செய்தது. கடல் தடுப்புச் சுவருக்கான 1,40,800 டாலர் மானியம் போயிற்று. அதற்கும் அசரவில்லை. அரசு வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் அதன் வழிகாட்டு விதிகளை முறைப்படி வெளியிடவில்லை என்றது. அரசு விதிகளைத் திரும்ப வெளியிட்டது. மில்டனும் அந்த ஜூனில் வழிக்கு வந்தது.

என்னைக் கேட்டால், 2021-இன் பெரிய மாற்றம் அதிகம் பேசப்படாத ஒன்று. முன்பு இப்படி விதி மாற்ற ஊர்க்கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இப்போது வீட்டு வசதி தொடர்பான பல மாற்றங்களுக்குப் பாதிக்கு மேல் இருந்தால் போதும். குடியுரிமை வாங்கிய பிறகு நான் போன முதல் கூட்டமே எங்கள் ஊர் விதியை மாற்றிய கூட்டம்தான். பள்ளி ஜிம்மில் நடு இரவு வரை வாதம். பழைய விதி இருந்திருந்தால் தோற்றிருப்போம்.

ரயிலடிக்கு எதிரே இன்னும் அதே கார் நிறுத்துமிடம்தான். விதி மாறிவிட்டது, கட்டுபவர்களுக்கு வங்கி வட்டி கட்டுப்படியாக வேண்டுமே!