எக்கர்ட் செமினார்: கைடு அடித்தது சரிதான், ஆனால் விஷயம் நிறைய இருக்கிறது

நண்பரே, இயற்பியலாளர் எக்கர்டைப் பற்றிய உங்கள் செமினாரில் "குவாண்டம் கிரிப்டோகிராஃபியைக் (குவாண்டம் விதிகளைக் கொண்டு ரகசியம் காக்கும் முறை) கண்டுபிடித்தவர் ஆர்த்தூர் எக்கர்ட்" என்ற வரியைக் கைடு அடித்துவிட்டார், இனி எக்கர்டைப் பற்றிப் பேச என்ன மிச்சம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடித்தது சரிதான். சார்லஸ் பென்னட், ஜில் பிராசார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-லேயே ஒரு முறையைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் எக்கர்டின் 1991 கட்டுரை வேறு வழியில் போகிறது. உங்களுக்கான சரக்கு அங்கேதான். ரகசியம் பேச நினைக்கும் இருவருக்கு, பிணைப்புள்ள (எவ்வளவு தள்ளி இருந்தாலும் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று தொடர்புடைய) துகள் ஜோடியில் ஆளுக்கொன்று. ஒருவர் 0, 45, 90 டிகிரிகளில் ஒன்றையும், மற்றவர் 45, 90, 135-இல் ஒன்றையும் இஷ்டத்துக்குத் தேர்ந்து அளக்கிறார்கள். கோணம் ஒத்துப்போன அளவீடுகள், செய்தியைப் பூட்டவும் திறக்கவும் உதவும் ரகசியச் சாவியாகின்றன. ஒத்துப்போகாதவற்றில் நான்கு சேர்க்கைகளைத் தூக்கி எறியாமல் பெல் சமனின்மையில் (குவாண்டம் பிணைப்பு இல்லாவிட்டால் மதிப்பு 2-ஐத் தாண்டாது என்னும் கணக்கு) போட்டுப் பார்க்கிறார்கள். மதிப்பு 2.83-ஐ ஒட்டி வந்தால் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. 2-க்குக் கீழே இறங்கினால் அந்தச் சாவி குப்பைக்குத்தான். குவாண்டம் கோட்பாடு முழுமையானதா என்ற ஐன்ஸ்டீன் காலத்துத் தத்துவச் சண்டையை ரகசியம் காக்கும் வேலைக்கு இழுத்து வந்தாரே, அதுதான் மனிதரின் கெட்டிக்காரத்தனம். அப்போது அவர் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தவர்.

வாழ்க்கைக் குறிப்புக்கு ஒரே ஸ்லைடு போதும்: 1961-இல் போலந்தின் விரோத்ஸ்வாஃபில் பிறப்பு, கிராக்கோவ் யாகியெலோனியப் பல்கலையில் இயற்பியல், பிறகு ஆக்ஸ்ஃபோர்ட். 2007-இல் சிங்கப்பூர் குவாண்டம் தொழில்நுட்ப மையத்தின் முதல் இயக்குநர். அதே ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் ஹியூஸ் பதக்கம்.

இயற்பியல்காரரான எக்கர்டுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் கணிதத் துறையில் என்ன வேலை என்று யாராவது மடக்கினால், அந்தப் பெல் கணக்கையே போர்டில் போட்டுக் காட்டுங்கள்.