கழனி நாய்க்கு உலர் தீவனமும் பச்சை எலும்பும்: எதைத் தேர்வது, எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: குடியாத்தம் பக்கம் மூன்று ஏக்கரில் மல்லாட்டையும் (நிலக்கடலை) கேழ்வரகும் போடுகிறேன். பட்டியில் பதினைந்து ஆடுகள் இருக்கின்றன. காவலுக்கு நான்கு வயது நாட்டு நாய் ஒன்று, எடை 22 கிலோ. பிள்ளைகளுக்காக வாங்கிய நான்கு மாத லேப்ரடார் குட்டி ஒன்று, எடை 15 கிலோ. இதுவரை கேழ்வரகுக் கூழும் வீட்டு மிச்சமும்தான் போடுகிறேன். கடையில் உலர் தீவனம் பல விலையில் கிடைக்கிறது. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாகவும் தருகிறார்கள். கறிக்கடைக்காரர் மாட்டு நல்லியும் ஆட்டு எலும்பும் பச்சையாகத் தருகிறேன் என்கிறார். எதை, எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: அன்றாட உணவாக, சீல் பிரிக்காத பையில் வரும் உலர் தீவனத்தை வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு பெரிய நாய்க்கு மட்டும், வாரம் இரண்டு நாள், அதுவும் மென்மையான பச்சைக் கோழி எலும்பு போதும். மாட்டு நல்லி வேண்டாம். ஆட்டின் ஈரல், நுரையீரல், மூளை ஆகியவற்றைப் பச்சையாக எந்த நாளும் போடாதீர்கள். இந்தக் கடைசி எச்சரிக்கை நாய்க்காக மட்டுமல்ல, உங்கள் ஆடுகளுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் தீவனப் பை. பின்பக்கத்தில் புரதம், கொழுப்பு, நார், சாம்பல் (எரித்தபின் மிஞ்சும் தாது), ஈரப்பதம் என்று சதவீதங்கள் அச்சிட்டிருக்கும். வளர்ந்த நாய்க்கான தீவனத்தில், ஈரத்தை நீக்கிக் கணக்கிட்டால், குறைந்தது 18 சதவீதம் புரதமும் 5.5 சதவீதம் கொழுப்பும் இருக்க வேண்டும். குட்டிக்கு இது 22.5 சதவீதம், 8.5 சதவீதம். இவை கீழ்வரம்புகள்தான். இரவெல்லாம் கொல்லையைச் சுற்றிவரும் நாய்க்கு 22 முதல் 26 சதவீதம் புரதமும் 10 முதல் 14 சதவீதம் கொழுப்பும் உள்ள தீவனம் நல்லது. பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். அங்கே கோழி இறைச்சியோ கோழி இறைச்சித் தூளோ முதலிடத்தில் இருந்தால் நல்லது. மக்காச்சோளம், கோதுமை, தவிடு என்று தானியங்களே வரிசையாக வந்து, இறைச்சி கடைசியில் எட்டிப் பார்த்தால், அச்சிட்ட புரதத்தில் பெரும்பங்கு தானியத்திலிருந்தும் புண்ணாக்கிலிருந்தும் வந்ததாக இருக்கும். சாம்பல் 10 சதவீதத்தைத் தாண்டினால், சதை குறைந்து எலும்புத் தூள் கூடிய சரக்கு என்று சந்தேகப்படலாம்.

கிலோ விலையை மட்டும் பார்த்து வாங்கினால் கணக்குத் தப்பும். ஒரு பையில் புரதம் 20, கொழுப்பு 8, நார் 5, சாம்பல் 10, ஈரம் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைக் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிச்சம் 45, அது மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5 ஆலும், கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமில் சுமார் 295 கலோரி. இன்னொரு பையில் புரதம் 24, கொழுப்பு 12, நார் 4, சாம்பல் 8, ஈரம் 10 என்றால் மாவுச்சத்து 42, கலோரி 333. உங்கள் 22 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,200 கலோரி தேவை. முதல் தீவனத்தில் 405 கிராம் போட வேண்டும், இரண்டாவதில் 360 கிராம் போதும். முதலாவது கிலோ 200 ரூபாய், இரண்டாவது 225 ரூபாய் என்றாலும் ஒரு நாள் செலவு இரண்டுக்கும் 81 ரூபாய்தான். அப்படியிருக்க இறைச்சி கூடிய தீவனத்தை விடுவானேன்? சாணமும் குறைவாக, கெட்டியாக விழும்.

அளவைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அந்த அளவு பிடிக்கும் டம்ளரை அதற்கென்றே ஒதுக்கி, காலை மாலை இரு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். மூன்று வாரம் கழித்து விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், தூரத்திலிருந்து கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. அதற்கேற்ப பத்தில் ஒரு பங்கு கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். உலர் தீவனத்தில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான். கூழ் குடித்துப் பழகிய நாய்க்கு இனி ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் தேவைப்படும். சித்திரை வைகாசி வெயிலில் இன்னும் கூடும். நிழலில் இரண்டு இடத்தில் வையுங்கள். மாற்றத்தை ஒரே நாளில் செய்தால் கழிச்சல் வரும். முதல் மூன்று நாள் கால் பங்கு புதுத் தீவனம், அடுத்த மூன்று நாள் பாதி, பிறகு முக்கால் பங்கு என்று பத்து நாளில் மாற்றிவிடுங்கள்.

சில்லறையாக அள்ளித் தரும் தீவனத்தை வாங்காதீர்கள். வேலூர் மாவட்டத்து வெயிலில் பிரித்துப்போட்ட மூட்டையிலுள்ள கொழுப்பு சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும், அதிலுள்ள வைட்டமின்களும் போய்விடும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். எந்த மாதம் தயாரித்தது என்பதும் சில்லறையில் தெரியாது. 10 கிலோ பை உங்கள் பெரிய நாய்க்குச் சுமார் 28 நாள் வரும். அதற்கு மேல் பெரிய பை வேண்டாம். பிரித்த பையை ஆறு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். தீவனத்தைப் பையோடு மூடியுள்ள டிரம்மில் வைத்து, தகரக் கொட்டகையில் போடாமல் வீட்டுக்குள் வையுங்கள். டிரம்மில் நேராகக் கொட்டினால் அடியில் தங்கும் பழைய எண்ணெய்ப் பிசுக்கு புதுத் தீவனத்தையும் கெடுக்கும்.

பூஞ்சை என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மல்லாட்டை விளையும் நம் பக்கத்தில் கூழோடு புண்ணாக்கைக் கரைத்து நாய்க்கு ஊற்றும் வழக்கம் இருக்கிறது. சரியாகக் காயாத கடலையிலும் புண்ணாக்கிலும் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. நாயின் ஈரல் இந்த நச்சைக் கொஞ்சமும் தாங்காது. சாப்பாட்டை ஒதுக்குவது, வாந்தி, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள் நிறம் என்று தொடங்கி உயிரே போகலாம். அதனால் புண்ணாக்கை நாயின் தட்டில் வைக்கவே வைக்காதீர்கள்.

கேழ்வரகை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. அதில் சுண்ணாம்புச்சத்து தானியங்களிலேயே அதிகம், ஆனால் புரதம் 7 சதவீதம் அளவில்தான். கூழிலேயே வயிறு நிரம்பினால் நாய்க்குச் சதை வற்றும். பெரிய நாய்க்கு ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கு வரை, உப்பும் வெங்காயமும் சேர்க்காத களி கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. குழம்பு மிச்சத்தில் இரண்டும் இருக்கும்.

இனி எலும்பு. வேகவைத்த எலும்பு எதுவுமே கூடாது. வெந்ததும் எலும்பை இணைத்துப் பிடிக்கும் கொலாஜன் கெட்டு, ஈரம் வற்றி, கடித்தால் ஊசி ஊசியாகச் சிதறும். குடலில் குத்துவது இதுதான். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் கல்யாணப் பந்தியில் மிஞ்சும் பிரியாணி எலும்பைப் பாசத்தோடு அள்ளிவந்து போடுபவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். அதில் எலும்போடு மசாலாவும் வெங்காயமும் நெய்யும் சேர்ந்து போகின்றன.

பச்சை எலும்பிலும் எல்லாம் ஒன்றல்ல. மாட்டின் கால் எலும்பு பல நூறு கிலோ எடையைத் தாங்கும் அளவுக்குக் கெட்டியானது. அதைக் கடிக்கும் நாய்க்கு மேல்தாடைப் பெரிய கடைவாய்ப்பல் பலகை பெயர்வதுபோல் உடையும். உள்ளே சீழ் வைத்து, கண்ணுக்குக் கீழே வீங்கிய பிறகுதான் நமக்குத் தெரியவரும். வட்டமாக அறுத்த நல்லி கீழ்த்தாடையில் வளையம் போல் மாட்டிக்கொள்ளும். அதிலுள்ள மச்சைக் கொழுப்பு கணைய அழற்சியைக் கிளப்பவும் கூடும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத எதையும் நாய்க்குக் கடிக்கக் கொடுக்காதீர்கள்.

பெரிய நாய்க்குத் தோதானது கறிக்கோழியின் முதுகெலும்புக் கூடு, அதற்கடுத்து கழுத்து, இறக்கை. சதை ஒட்டியிருக்க வேண்டும். கழுத்தின் தோலையும் கொழுப்பையும் எடுத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு 100 முதல் 120 கிராம். அந்த வேளைத் தீவனத்தில் 50 கிராம் குறைத்துவிடுங்கள். மெல்லாமல் விழுங்கும் நாய்க்குச் சின்னத் துண்டு ஆபத்து. பாதிக் கூட்டை அப்படியே கொடுத்தால் நின்று கடிக்கும். மறுநாள் சாணம் வெள்ளையாய்ச் சுண்ணாம்புக் கட்டி போல் விழுந்தாலோ முக்கிக்கொண்டே நின்றாலோ எலும்பு கூடிவிட்டது என்று பொருள். ஒரு வாரம் நிறுத்துங்கள்.

கோழியை அறுத்த அன்று காலையிலேயே வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் கிருமிகள் இருக்கக்கூடும். நாய் நோயில்லாமல் இருந்தாலும் அதன் வாயிலும் சாணத்திலும் அவை வெளியேறும். பிரிட்ஜில் உறைய வைத்தாலும் இந்தக் கிருமிகள் சாகா. சமையலறையில் வைத்துக் கழுவாதீர்கள். வெளியே சிமெண்ட் தரையில் கொடுத்து, முடிந்ததும் சோப்புத் தண்ணீரும் பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலும் ஊற்றித் தேய்த்துக் கழுவுங்கள். பிள்ளைகளை அந்த நேரம் அருகே விடாதீர்கள். நாய் தின்று முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள். மிச்சத்தை வாங்க வேண்டுமென்றால் பிடுங்காமல், வேகவைத்த முட்டைத் துண்டைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் பச்சை எலும்பே வேண்டாம். எலும்பு நீக்கி வேகவைத்த கறி கொடுங்கள்.

ஆட்டு எலும்பில் ஓரத்துக் குருத்துள்ள நெஞ்செலும்பு மட்டும் எப்போதாவது கொடுக்கலாம். பயமெல்லாம் ஆட்டின் உள்ளுறுப்பில்தான். கிடா வெட்டும் நாளில் தண்ணீர்க் கட்டி உள்ள ஈரலையோ நுரையீரலையோ நாய் தின்றால், ஆறேழு வாரத்தில் அதன் குடலில் எக்கினோகாக்கஸ் என்ற மிகச் சிறிய நாடாப்புழு வளர்ந்து முட்டை போடும். அந்த முட்டை கை வழியாகப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனால் அவர்கள் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வளரும். ஆட்டு மூளையைத் தின்ற நாயிடமிருந்து இன்னொரு நாடாப்புழுவின் முட்டை மேய்ச்சல் புல்லில் விழுந்து, ஆட்டின் மூளையில் கட்டியாகும். தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து சாகும் ஆடுகளுக்குப் பல நேரம் காரணம் இதுதான். கழிவைக் குழி தோண்டி ஆழப் புதையுங்கள், அல்லது நன்றாக வேகவைத்துப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரசிகுவான்டல் உள்ள குடற்புழு மாத்திரை, 10 கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் கணக்கில், கால்நடை மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். கறவை மாடும் இருந்தால் நஞ்சுக்கொடியை நாய் தின்ன விடாதீர்கள். நாய் வழியாகப் பரவும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி மாட்டில் கருச்சிதைவை உண்டாக்கும். நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் பழைய வழக்கம் இந்த வகையில் நல்ல காவல்.

பேரணாம்பட்டு, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகளில் சீவிப்போடும் தோல் ஜவ்வையும் துண்டுத் தோலையும் கடிக்கக் கொடுப்பவர்கள் உண்டு. முடி நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், பதனிடக் குரோமியமும் சேர்ந்த சரக்கு அது. நாய் அருகில் விடாதீர்கள்.

லேப்ரடார் குட்டிக்கு எலும்பு இப்போது வேண்டாம். பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் பருவம். பையில் பெரிய இனக் குட்டிக்கானது என்று எழுதியிருக்க வேண்டும். கால்சியம் 1 முதல் 1.5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 100 கிராமுக்கு 370 கலோரி உள்ள தீவனம் என்றால் நாளைக்கு 280 முதல் 300 கிராம், மூன்று வேளையாக. ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை. எடை ஏற ஏற அளவையும் திருத்துங்கள். இதற்குமேல் கால்சியம் சிரப் ஊற்றவே கூடாது. இளங்குட்டியின் குடலுக்குக் கூடுதல் கால்சியத்தைத் தடுக்கும் திறன் இன்னும் முழுமையாக வரவில்லை. மிஞ்சியது எலும்பில் படிந்து கால் வளைந்து, மூட்டு கெட்டுப்போகும். பல் ஊறலுக்குக் கெட்டி ரப்பர் பொம்மை போதும்.

எலும்பு தின்ற நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எச்சில் ஒழுக வாயைக் காலால் பிறாண்டினாலோ, வயிறு கல்லாகி, சாணம் கறுத்து விழுந்தாலோ அன்றே எக்ஸ்ரே உள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விளக்கெண்ணெய் புகட்டுவது, வாந்தி எடுக்க வைப்பது, ஆசனவாயில் தெரியும் எலும்பைக் கையால் இழுப்பது மூன்றும் கூடாது. எந்த எலும்பு, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.