பார்க்க வந்தவரா, கடைய வந்தவரா?

கேள்வி: மரக் கடைசலில், அதாவது சுழலும் மரத்தை உளியால் வெட்டிக் கிண்ணம், பம்பரம் என்று செய்வதில், ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து ஒரு பொழுதுபோக்குக் கழகம் நடத்துகிறோம். நான்தான் செயலாளர். மாதம் ஒரு கூட்டம், ஒருவர் கடைந்து காட்டுவார், மற்றவர்கள் பார்ப்போம். பதிவேட்டில் முப்பது பெயர் இருக்கிறது, வருவது ஏழெட்டுப் பேர். புதியவர்கள் ஆசையாக வருகிறார்கள், ஒரு கூட்டம் அல்லது இரண்டு, அப்புறம் ஆளையே காணோம். மூத்த உறுப்பினர் ஒருவர் கை தேர்ந்தவர். ஆனால் கார்பைடு முனை உளி (திருகால் மாட்டிய கடினமான சின்ன வெட்டுமுனை உள்ளது) வைத்திருப்பவர்களை எல்லார் முன்னாலும் கிண்டல் செய்கிறார். சாவி, கணக்கு, மரம் சேர்ப்பது, கூட்டிப் பெருக்குவது எல்லாம் என் தலையில். சந்தாவை உயர்த்தி, வெளியிலிருந்து பெயர் பெற்ற கலைஞர்களை வரவழைத்தால் கூட்டம் சேருமா? இல்லை, நான் விலகிவிடட்டுமா?

பின்குறிப்பு: ஓர் உறுப்பினர் தன் பன்னிரண்டு வயது மகளை அழைத்து வரலாமா என்று கேட்கிறார்.

– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: விலகுவதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம். முதலில் அந்த ‘ஆளையே காணோம்’ விவகாரம்.

உங்கள் கடிதத்தில் கூட்டம் இருக்கிறது, சந்தா இருக்கிறது, சாவிகூட இருக்கிறது. மரத்தைச் சுழற்றும் லேத் எங்கே? புதிதாக வந்தவர் கையில் யாராவது உளியைக் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் எழுதியிருப்பீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் இன்னொருவர் முதுகைப் பார்த்துவிட்டுப் போகிறவர் மறுபடி எதற்காக வர வேண்டும்? கடைந்து காட்டும் காணொளிகள் அவர் கைபேசியிலேயே எத்தனையோ கிடக்கின்றன, அதுவும் உளி முனை வரை நெருங்கிக் காட்டுகிறார்கள். அவரிடம் இல்லாதவை ஒரு லேத்தும், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஓர் ஆளும்தான். இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றைப் பூட்டி வைத்துவிட்டு, ஏற்கெனவே இலவசமாகக் கிடைப்பதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே சந்தாவை இப்போது தொடாதீர்கள். பெரிய கலைஞர் வரும் நாளில் நாற்காலி நிறையும், சந்தேகமில்லை. அடுத்த மாதம் அதே ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள்.

கூட்டத்தின் நேரத்தைத் திருப்பிப் போடுங்கள். செய்துகாட்டல் நாற்பது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு கிண்ணத்தை முதலிலிருந்து கடைசி வரை கடைந்து காட்டத் தேவையே இல்லை. அடிப்பாகத்தைச் சக்கில் (லேத்தில் மரத்தைக் கவ்வும் பிடி) பிடிப்பதற்கான குமிழை எப்படி வெட்டுவது என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நன்றாகக் காட்டினால் போதும். மீதி நேரமெல்லாம் லேத் நேரம். புதியவர் முதல் நாளே தான் கடைந்த ஒரு பொருளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

அதற்கு நான் சொல்வது பம்பரம். கையால் சுழற்றி விடும் சின்னப் பம்பரம். அரைமணி, முக்கால்மணியில் முடிந்துவிடும், மரமும் கொஞ்சம்தான் செலவாகும். 5 செ.மீ. குறுக்களவில் பத்துப் பன்னிரண்டு கட்டைகளை முன்கூட்டியே உருட்டி வைத்திருங்கள். சக்கில் மாட்டியதும் மோட்டாரைப் போடாதீர்கள். ஒரு கையால் நீங்கள் மரத்தை மெல்லச் சுற்றுங்கள், உளி அவர் கையில் இருக்கட்டும். உளி முதலில் அதைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டில் உட்கார வேண்டும். அப்புறம் உளியின் கூருக்குப் பின்னால் தீட்டிய சாய்வுப் பகுதி மரத்தில் உரச வேண்டும். இந்த நிலையில் வெட்டு விழாது, லேசான உரசல்தான் கேட்கும். பிறகு பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால் கூர் மரத்தைத் தொட்டுச் சுருள் கழன்று வரும். இந்த வரிசை மாறி, கூர் முதலில் பட்டால் உளி சட்டென்று மாட்டிக்கொண்டு அடிக்கும். கையால் சுற்றும்போதே இதைப் பார்த்துவிட்டவருக்கு மோட்டார் ஓடும்போது பயம் பாதியாகிவிடும்.

இங்கேதான் உங்கள் மூத்த உறுப்பினர் போன்றவர்களிடம் ஒரு நிபந்தனை போட வேண்டும்: கற்றுக்கொள்பவர் கையிலிருந்து உளியைப் பிடுங்கக் கூடாது. “இங்கே கொடு, நான் காட்டுகிறேன்” என்று வாங்கி, முழுப் பம்பரத்தையும் தானே அழகாகக் கடைந்து நீட்டுபவர்கள் எல்லாக் கழகத்திலும் உண்டு. நல்ல மனசோடுதான் செய்கிறார்கள். வந்தவருக்கு ஒரு பம்பரம் கிடைக்கும், ஆனால் அது அவருடையது இல்லை. கோணலாக இருந்தாலும் அவரே முடிக்கட்டும். ஆபத்து என்றால் லேத்தை நிறுத்துங்கள், வாயால் சொல்லுங்கள், மறுபடி ஓட்டுங்கள்.

கார்பைடு சண்டையில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கார்பைடு முனை உளி பெரும்பாலும் மரத்தைச் சுரண்டி எடுக்கிறது. சாய்வை உரசவிட்டு வெட்டும் குழி உளி (நடுவில் பள்ளம் ஓடும் உளி) சுத்தமாகச் சீவுகிறது, அதனால் உப்புத்தாளுக்கு வேலை குறைகிறது. மென்மரத்தில் இந்த வித்தியாசம் விரலில் தடவினாலே தெரியும். இந்த அளவுக்கு உங்கள் மூத்தவர் சொல்வது சரி. ஆனால் கார்பைடு முனை மழுங்கினால் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பிக்கொள்ளலாம், சாணை பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. தொடங்குபவர் அதை விரும்புவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, சாணைப் பயம். மழுங்கிய குழி உளியோடு வீட்டில் தனியாக மல்லுக்கட்டி, ‘இது நமக்கு வராது’ என்று விட்டுவிட்டவர்கள் உங்கள் பதிவேட்டிலேயே சிலர் இருக்கலாம். வராத அந்த இருபத்துச் சொச்சம் பேரை ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்.

அந்த மூத்தவருக்குச் சாணை மேசைப் பொறுப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அரைமணி முன்னதாக அவர் கிரைண்டர் (சாணைச் சக்கரம்) பக்கத்தில் இருப்பார், யார் வேண்டுமானாலும் வீட்டு உளியைக் கொண்டுவரலாம் என்று அறிவியுங்கள். உளியின் சாய்வில் மார்க்கர் பேனாவால் மை பூசச் சொல்லுங்கள். கிரைண்டரை ஓட்டாமல் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் சுற்றினால் மை எங்கே அழிகிறது என்று தெரியும். கூர்ப்பக்கம் மட்டும் அழிந்தாலோ அடிப்பக்கம் மட்டும் அழிந்தாலோ கோணம் சரியில்லை. முழுச் சாய்விலும் அழிந்தால் மோட்டாரைப் போடலாம். சாணையில் உளியை ஒரே நிலையில் பிடித்துவைக்கும் பிடிப்பானிலிருந்து உளி எவ்வளவு நீண்டிருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மரக்கட்டையில் அளவு வெட்டி மேசையிலேயே ஆணியடித்து வைத்துவிட்டால், யார் பிடித்தாலும் ஒரே கோணம் வரும். இதைச் சொல்லித்தரும் மனிதருக்குக் கிண்டல் செய்ய நேரம் இருக்காது. இருந்தும் செய்தால், தனியே அழைத்து, நேராகவே சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் வைத்துச் சொல்ல வேண்டாம்.

பலர் கை வைக்கும் லேத் என்றால் விதிகள் கறாராக இருக்க வேண்டும். கையுறை கூடாது, தொங்கும் துணி கூடாது, நீண்ட முடியைக் கட்டிக்கொள்ள வேண்டும். முகம் முழுவதும் மூடும் கவசம் இல்லாமல் யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. டூல் ரெஸ்ட்டை நகர்த்துவதென்றால் லேத்தை நிறுத்திவிட்டுத்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பொது லேத்தில் அதிகம் மறக்கப்படுவது வேகம்தான். கட்டையின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் 6000 முதல் 9000-க்குள் வர வேண்டும் என்பது கடைசல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. 10 அங்குலக் கிண்ணத்துக்கு 600 முதல் 900 சுற்று. பம்பரம் கடைந்தவர் 2000 சுற்றில் வைத்துவிட்டுப் போகிறார், அடுத்தவர் கவனிக்காமல் 10 அங்குலக் கட்டையை மாட்டி சுவிட்சைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டையின் விளிம்பு மணிக்கு 95 கி.மீ. வேகத்தில் ஓடும். லேத்தை விட்டு விலகுபவர் வேகத்தை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள்.

தூசியையும் அசட்டை செய்யாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட தொகுதியிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. முகக் கவசம் தெறிக்கும் கட்டையைத் தடுக்குமே தவிர, நுண்தூளைத் தடுக்காது. உப்புத்தாள் போடும்போது மூக்குக்குத் தனி மாஸ்க் வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும். இன்னொன்று: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் பூட்டாதீர்கள். அது காயும்போது சூடு உண்டாகி, தானாகவே தீப்பிடிக்கும். வெளியே தட்டையாக விரித்துக் காயவிடுங்கள்.

மரம் வாங்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள். காற்றில் விழுந்த மரம், வெட்டிப் போட்ட கிளை என்று கேட்டு வாங்குங்கள். மரம் அறுக்கும் நாள் என்று ஒன்றை வைத்தால் கூட்டத்துக்கு வராதவர்கூட வந்து நிற்பார், என்ன மாயமோ! தண்டின் நடுமையத்தை நீக்கி அறுத்து, இரு முனையிலும் அன்றைக்கே மெழுகு பூசுங்கள். நாளை என்று விட்டால் வெடித்துவிடும். பச்சை மரத்தில் கிண்ணம் கடைபவர்கள் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டுக் கடைந்து, பல மாதம் காயவைத்து, மறுபடி கடையலாம். அந்தப் பாதிக் கிண்ணம் கழக அலமாரியில் பெயர் எழுதிக் காய்ந்துகொண்டிருந்தால், அதற்குச் சொந்தக்காரர் கட்டாயம் திரும்பி வருவார்.

கணக்கு விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லார் முன்னாலும் வாசியுங்கள். யாருக்காவது காயம் பட்டால் பொறுப்பு யாருடையது, காப்பீடு எடுக்க வேண்டுமா என்பதைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ராஜினாமா. “யாராவது பொறுப்பு எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் தரையைத்தான் பார்ப்பார்கள். ஆளைப் பார்த்து, சின்ன வேலையாக, கெடு வைத்துக் கேளுங்கள். “ஆறு மாதத்துக்கு மரக்குவியலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றால் மறுப்பவர் குறைவு. சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் நீங்கள் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. பெருக்குவது கடைந்தவர் வேலை, அதற்குப் பதவி கிடையாது. ஓர் ஆண்டு முடிவில் செயலாளர் பதவியை விடுகிறேன் என்று இப்போதே தேதியோடு சொல்லிவிடுங்கள். திடீரென்று போட்டுவிட்டுப் போனால் லேத் விலைக்குப் போய்விடும். தேதி தெரிந்தால் அடுத்தவர் தயாராவார், நீங்களும் நிம்மதியாக ஒரு கிண்ணம் கடையலாம். கடைசியாக உங்களுக்கென்று எப்போது கடைந்தீர்கள்?

பின்குறிப்புக்கு: தாராளமாக அழைத்து வரட்டும். தந்தையோ தாயோ கூடவே நிற்க வேண்டும், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், சின்ன லேத், சின்னக் கட்டை. முகக் கவசம் அவள் தலைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும், பெரியவர்களுடையது நழுவி விழும். லேத்தின் சுழல் அச்சு கடைபவரின் முழங்கை உயரத்தில் இருப்பதுதான் வசதி. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது நெஞ்சு வரை வரக்கூடும், அதனால் அவள் ஏறி நிற்க ஆடாத, அகலமான பலகை மேடை ஒன்றைச் செய்து வையுங்கள். நாற்காலி, ஸ்டூல் எதுவும் வேண்டாம்.