பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி பட்டம்) முடித்தவர் ஐ.டி.க்கு மாறலாமா?
வணக்கம். அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக நாளுக்கு ஒன்பது குழந்தைகளைப் பார்க்கிறேன், நடுவில் மூச்சுவிட நேரமில்லை, சிகிச்சைக் குறிப்பெழுதுவது வீட்டில்தான், ஐ.டி.க்குப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். செஷன் கணக்கில் வருமானம் பார்க்கும் தெரபி சென்டர்கள் பலவற்றில் இதே கதைதான். அடுத்த இடத்தில் சம்பளத்துக்கும் முன்னால், குறிப்பெழுதவும் பெற்றோரிடம் பேசவும் வேலை நேரத்திலேயே இடம் உண்டா என்று கேளுங்கள். பக்கவாதம், கைக்காயம் பார்க்கும் மருத்துவமனைப் பிரிவுகளிலும் முயலுங்கள். சந்தேகம் கேட்கச் சீனியர்கள் பக்கத்தில் இருப்பது உங்கள் வயதில் பெரிய பலம்.

அப்புறம், பிரிட்டனில் வேலை பார்க்கும் ஆசை இருந்தால், அங்கே தெரபிஸ்டுகளைப் பதிவு செய்யும் அமைப்பான எச்.சி.பி.சி.யில் பதிவு செய்யப் பாடத்திட்ட விவரமும் பயிற்சி விவரமும் வேண்டும். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு கேட்பது குறைந்தது 1000 மணி நேரப் பயிற்சி. அந்தச் சான்றுகளைக் கல்லூரியில் இப்போதே வாங்கி வையுங்கள். வருடங்கள் போனால் வீண் அலைச்சல்.