கூகைக் குஞ்சுக்குப் பால்சோறு ஊட்டலாமா?

கேள்வி: எங்கள் அரிசி ஆலையின் பரணிலிருந்து கூகைக் குஞ்சு ஒன்று விழுந்துவிட்டது. மேலே இன்னும் இரண்டு குஞ்சுகள் இருக்கின்றன. நேற்றிலிருந்து பால்சோறு கொடுத்தும் தின்ன மறுக்கிறது. என்ன கொடுத்து வளர்க்கலாம்? - பாபநாசம் வாசகர்.

பதில்: பால்சோற்றை இப்போதே நிறுத்துங்கள். கூகை, எலி தின்னும் ஆந்தை இனப் பறவை. தண்ணீரும் புகட்டாதீர்கள்; நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழலின் வாய் இருப்பதால் ஊற்றுகிற நீர் நுரையீரலுக்குப் போய்விடும். அதற்கு வேண்டிய நீர் இரையிலேயே இருக்கிறது. காயம்பட்ட பறவைகளைப் பேணும் மறுவாழ்வு மையங்களில் எலியையோ கோழிக்குஞ்சையோ எலும்போடு நறுக்கிக் கொடுப்பார்கள். வெறும் கறியே கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து இல்லாமல் எலும்புகள் வளைந்துவிடும். ஆலையில் செத்துக் கிடக்கும் எலியைத் தொடவே தொடாதீர்கள். அது விஷம் தின்ற எலியாக இருந்தால் குஞ்சும் சாகும்.

வளர்க்கும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். மனிதர் கையில் தின்று பழகிய கூகை மனிதரையே தன் இனமாக எண்ணிக்கொள்ளும். பிறகு காட்டில் விடவே முடியாது.

'குஞ்சை அப்படியே விடுங்கள், தாய் பார்த்துக்கொள்ளும்' என்று படித்திருப்பீர்கள். இறகு முளைத்த மைனாக் குஞ்சுக்கும் புள்ளி ஆந்தைக் குஞ்சுக்கும் அது சரி. கூகைக்குச் சரிவராது. தாய்க்கூகை இரையைக் கூட்டுக்குத்தான் கொண்டுவரும். தரையில் கிடக்கும் குஞ்சு எவ்வளவு கத்தினாலும் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்க்காது. ஆகவே காயமில்லாமல், தலை நிமிர்ந்து சுறுசுறுப்பாக இருந்தால், துண்டில் சுற்றி இன்று மாலையே பரணில் உடன்பிறப்புகளோடு வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டதற்காகத் தாய் ஒதுக்காது. துவண்டு கிடந்தாலோ, இறக்கை தொங்கினாலோ காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில் வைத்து கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இதற்குள் யாராவது 'பறவை ஆர்வலர்' என்று சொல்லிக்கொண்டு வந்திருப்பார். பெட்ரோல் செலவு மட்டும் கொடுங்கள், மையத்தில் சேர்த்துவிடுகிறேன் என்பார். தயவுசெய்து கொடுக்காதீர்கள். மாந்திரீகத்துக்கு ஆந்தை வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்துக் கொடுக்கும் தரகர்கள் இப்படித்தான் வருவார்கள். அடையாள அட்டை காட்டினாலும் நம்பாதீர்கள், அட்டை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். கூட்டில் திரும்ப வைக்க முடியாத குஞ்சை வனத்துறை அலுவலரிடம் நேரில் ஒப்படைத்து, கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டை வாங்குங்கள்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, கைக்கு வந்த காட்டுயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு ஒரு நாள் ஏற்கெனவே போய்விட்டது. தொலைபேசியில் அழைத்தால் 'எங்கள் சரகம் இல்லை' என்று இன்னொரு எண்ணைத் தருவார்கள். அந்த எண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள். சட்டம் குடிமகனுக்குக் கெடு வைக்கிறது, போனை எடுக்க வேண்டியவருக்குக் கெடு இல்லை. எத்தனை ஆண்டுகளாக இதைச் சொல்லி அலுத்துவிட்டோம்! நீங்கள் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிவிடுங்கள்.

குஞ்சுகள் பொரித்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பறந்துவிடும். அதுவரை பரணின் திறப்பை அடைக்காதீர்கள். ஆலையில் எலி விஷமும் வைக்காதீர்கள்.