காப்பகத்துக்கு 4,500 கட்டிவிட்டு வேலைக்குப் போகத்தான் வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். சம்பளம் 12,500. பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் போகக் கைக்கு 10,900 வருகிறது. ஒன்றரை வயது மகளைத் தனியார் காப்பகத்தில் விட மாதம் 4,500 கேட்கிறார்கள். “மிச்சம் 6,400க்கு எதுக்கு இந்த அலைச்சல், நின்னுடு” என்கிறார் கணவர். வேலைக்குச் சேர்ந்து 4 வருடம் 2 மாதம் ஆகிறது. நின்றுவிடலாமா?

பதில்: சகோதரி, இப்போது நிற்காதீர்கள். உங்கள் கணவர் போட்ட கணக்கில் முதல் தப்பு, காப்பகச் செலவு முழுவதையும் உங்கள் சம்பளத்தில் மட்டும் கழித்தது. பிள்ளை இரண்டு பேருக்கும்தானே?

அடுத்தது, கைக்கு வராத பணம். உங்களிடம் பிடிக்கும் 1,500 ரூபாய் பிஎஃப் உங்கள் கணக்கில்தான் சேர்கிறது. அதே அளவு கம்பெனியும் போடுகிறது. அதில் 1,041 ரூபாய் பென்ஷனுக்குப் போக, மீதியும் உங்கள் கணக்குக்குத்தான். இஎஸ்ஐக்கு நீங்கள் கட்டுவது வெறும் 94 ரூபாய். அதற்குப் பிள்ளைக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கலாம். நின்றால் இதெல்லாமும் நின்றுவிடும்.

முக்கியமானது கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு நிற்கும்போது கம்பெனி தரும் பணிக்கொடை. அதற்கு 5 வருடம் முடிய வேண்டும், உங்களுக்கு இன்னும் 10 மாதம்தான் பாக்கி. ஒரு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்தே 12,500 என்றால், 5 வருடத்துக்குச் சுமார் 36,000 வரும். பிரசவ விடுப்பில் இருந்த 26 வாரமும் சர்வீஸில் சேரும். அதைக் கழித்துச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, 4,500ஐ எத்தனை நாள் கட்டுவது? தமிழ்நாட்டில் 2 வயது ஆனதும் அங்கன்வாடியில் சேர்க்கலாம். ஆக 6 மாதம், 27,000 ரூபாய். அங்கன்வாடியில் ஃபீஸ் இல்லை, மதியச் சாப்பாடும் முட்டையும் உண்டு. ஆனால் சாயங்காலம் உங்கள் ஷிப்ட் முடியும் முன்பே மூடிவிடுவார்கள். அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு லைன் வீட்டுப் பாட்டி யாருக்காவது மாதம் ஒரு தொகை பேசிக் கொடுங்கள். சும்மா பார்த்துக்கொள்ளச் சொன்னால் நாலு நாளில் முகம் மாறிவிடும்.

அப்புறம், உங்கள் கம்பெனியிலேயே காப்பகம் இருக்கிறதா என்று பாருங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், ஆண்களையும் சேர்த்துத்தான், காப்பக வசதி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாளுக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரவும் தாய்க்கு உரிமை உண்டு. நான் போன ஒரு கம்பெனியில் ‘குழந்தைகள் அறை’ என்று கதவில் பலகை. உள்ளே கூரை வரை அட்டைப் பெட்டி, மூலையில் பிளாஸ்டிக் கவர் பிரிக்காத தொட்டில்! இதைத் தனியாகப் போய்க் கேட்டால் உங்களைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். கைக்குழந்தைக்காரர்கள் நாலைந்து பேராகப் போங்கள்.

இந்த 6 மாதத்துக்காக வட்டிக்கு வாங்காதீர்கள், பிஎஃபிலும் கை வைக்காதீர்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறது என்றால் அதைக் காப்பகத்துக்கு ஒதுக்குங்கள். மீதி 3,500ஐ இரண்டு பேரும் பாதிப் பாதி போடுங்கள். முதலில் ஹெச்.ஆரிடம் நீங்கள் சேர்ந்த தேதி பதிவேட்டில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.